எஞ்சின் மாறிய வண்டிகள்

எங்கள் ஊர்ப்பக்கம் இரண்டு வாக்கியம் ரொம்பப் பிரபலம். ஒன்று, 'போர் போட்டாச்சு'. இன்னொன்று, 'எஞ்சின் மாத்தியாச்சு'. முதலாவது கடன் ஆரம்பிக்கிற இடம். இரண்டாவது, கடன் முடிந்தது என்று மூச்சு விட்டபோது மறுபடி ஆரம்பிக்கிற இடம் :-)

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் இந்த இரண்டாவது வாக்கியத்தைப் போனில் கேட்டிருப்போம். மாமாவின் குட்டியானை, சித்தப்பாவின் பிக்கப், யாரோ ஒருவருடைய ஜீப். "பழைய எஞ்சின் ஒண்ணு நல்லதா வந்திருக்கு, கொஞ்சம் பணம் அனுப்பு" என்பார்கள். நாமும் அனுப்பிவிடுவோம். ஆனால் ஒரு வண்டியின் எஞ்சினைக் கழற்றி இன்னொன்றில் வைக்கும் இந்தப் பழக்கம் நம் ஊருக்கு எங்கிருந்து வந்தது? யோசித்துப் பார்த்தால் அதற்குள் எண்பது வருட சரித்திரம் இருக்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் படித்தது பி.காம். வேலை பார்ப்பது வங்கியில். எஞ்சினுக்கும் எனக்கும் உள்ள தொடர்பு லோன் ஃபைலோடு சரி. ஆனால் இந்தக் கதையின் முடிச்சே அந்த ஃபைலில்தான் இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

மூங்கில் குப்பம்

வெதுருகுப்பம் தெரியாதவர்களுக்கு: சித்தூருக்கும் திருப்பதிக்கும் நடுவில், கார்வேட்டி நகரம் பக்கம் இருக்கும் ஊர். 'வெதுரு' என்றால் தெலுங்கில் மூங்கில். குப்பம் நம்ம குப்பம்தான். பெயரிலேயே இரண்டு மொழியும் கைகோத்து நிற்கிற ஊர். சுற்றிலும் கரும்பு, வெல்லம், மாந்தோப்பு. ஜூன், ஜூலை வந்தால் பெங்களூரா மாங்காய் வண்டி வண்டியாகக் கூழ் தொழிற்சாலைகளுக்குப் போகும். அந்த ஆறேழு வாரம் ஒரு பிக்கப் ஓடாமல் நின்றால் அந்த வீட்டுக்கு அந்த வருஷமே நின்றுபோன மாதிரி.

1953-ல் ஆந்திரா பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அந்தப் பக்கம் போனது. 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கோடு அப்படியும் இப்படியும் நகர்ந்தாலும் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க பஸ் ஏறினால் புத்தூர், நகரி, திருத்தணி, திருவள்ளூர் வழியாகச் சென்னைதான். எஞ்சினுக்கு எல்லைக்கோடு கிடையாது. ஆனால் பேப்பருக்கு உண்டு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கரி போட்டு ஓட்டிய காலம்

1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த பெட்ரோல் நின்றது. இருந்த பெட்ரோல் ராணுவத்துக்கு. பஸ் முதலாளிகளுக்கு ரேஷன். அப்போது வந்ததுதான் 'கரி கேஸ்' பஸ். வண்டியின் பின்னால் பெரிய டிரம், அதில் மரக்கரி. காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவைச் சுத்தப்படுத்தி அதே பெட்ரோல் எஞ்சினுக்குள் அனுப்புவார்கள். மதுரையில் டி.வி.எஸ். நிறுவனம் இதற்கான கேஸ் பிளான்ட்டைத் தானே வடிவமைத்துத் தயாரித்தது.

நம் தாத்தாக்கள் சொல்லியிருப்பார்கள். காலையில் கிளீனர் வந்து கைப்பிடியைச் சுற்றி நெருப்பை ஊதிவிட வேண்டும். கிளம்பவே நேரம் பிடிக்கும். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்காவது இதில் போய்விடும். மேடு வந்தால் ஆட்கள் இறங்கித் தள்ள வேண்டும். (அதே யுத்த காலத்தில், 1944 ஏப்ரலில்தான் திருமலைக்கு முதல் மலைப்பாதை திறந்தார்கள் என்பது ஒரு கொசுறுத் தகவல்.)

இங்கே எஞ்சின் மாறவில்லை, எரிபொருள்தான் மாறியது. ஆனால் நம்ம ஊர் பட்டறைக்காரர்களுக்கு ஒரு பாடம் கிடைத்தது. கம்பெனி கொடுத்தபடியேதான் வண்டி ஓட வேண்டும் என்று எந்த விதியும் இல்லை!

பெர்க்கின்ஸ் வந்தது

யுத்தம் முடிந்ததும் ராணுவம் தன் லாரிகளை ஏலத்தில் விட்டது. செவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் எல்லாம் பெட்ரோல் வண்டிகள். வாங்கும்போது மலிவு, ஓட்டும்போது பெட்ரோலைக் குடிக்கும்.

அடுத்து இன்னொரு அடி. வெறுமனே அசெம்பிள் செய்யும் கம்பெனிகள் வேண்டாம், உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உள்ளவர்கள் மட்டும் இருக்கலாம் என்று 1953-ல் அரசு முடிவெடுத்தது. 1928-லிருந்து பம்பாயில் வண்டி பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையை மூடியது. ஃபோர்டும் போனது. சாலையில் ஓடிக்கொண்டிருந்த அவர்களுடைய லாரிகள் அப்பன் இல்லாத பிள்ளைகள் ஆயின. பாடி நன்றாக இருக்கும், சேஸிஸ் இரும்பாக இருக்கும், எஞ்சினுக்கு மட்டும் சாமான் கிடைக்காது.

இந்த இடத்தில்தான் சென்னை சிம்ப்சன் கம்பெனி வருகிறது. 1840-ல் குதிரை வண்டி கட்டுவதற்காக ஆரம்பித்த நிறுவனம். 1950-களின் தொடக்கத்தில் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்களில் இறங்கியது. இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்ற ஊரில் ஃபிராங்க் பெர்க்கின்ஸ் 1932-ல் தொடங்கிய கம்பெனி அது. அவர்களுடைய 'பி6', ஆறு சிலிண்டர், 4.7 லிட்டர் எஞ்சின். அதன் பெரிய கவர்ச்சியே, பெட்ரோல் லாரிகளில் இருக்கும் எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை வைக்கலாம் என்பதுதான். இங்கிலாந்திலேயே பெட்ஃபோர்டு, ஃபோர்டு லாரிக்காரர்கள் அப்படித்தான் வாங்கினார்கள். அதே தேவை இங்கே இரண்டு மடங்கு இருந்தது.

1954-ல் டாடா மெர்சிடிஸ் டீசல் லாரி வந்தது. அடுத்த வருஷம் அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் ஆனது. புது டீசல் லாரி வாங்க வசதி உள்ளவர்கள் அதற்குப் போனார்கள். வசதி இல்லாத ஒற்றை லாரி முதலாளி பழைய செவர்லேவுக்குள் பெர்க்கின்ஸ் வைத்துக்கொண்டார். நம் தென்னிந்தியச் சாலைகளில் சின்ன முதலாளி என்ற ஆள் பிழைத்து நின்றதில் இந்த எஞ்சின் மாற்றத்துக்குக் கணிசமான பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

டீசல் பைத்தியம்

அடுத்த அலை 1973. அக்டோபர் யுத்தத்துக்குப் பின் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூட, பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 11 டாலரைத் தாண்டியது. இந்தியாவில் பெட்ரோல் பணக்காரர் பொருளாகவும், டீசல் லாரிக்கும் பம்புசெட்டுக்குமான பொருளாகவும் அரசு வைத்திருந்தது. அதனால் விலையில் பெரிய இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ஆயிரம் பட்டறைகள் பிழைத்தன.

மகிந்திரா ஜீப் அதுவரை பெட்ரோல் குடிக்கும் 'ஹரிக்கேன்' எஞ்சினோடு வந்தது. அம்பாசிடரில் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சின். இரண்டு வண்டியையும் டீசலாக்கும் வேலை ஊர் ஊராக நடந்தது. பிறகு கம்பெனிகளே அந்த வழிக்கு வந்தன. மகிந்திரா பிரான்ஸின் பெஜோ டீசல் எஞ்சினை உரிமம் பெற்றுத் தயாரித்தது. அம்பாசிடர் 1980 வாக்கில் டீசலில் வந்தது. பஜாஜ் டெம்போவின் (2005 முதல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ்) மெர்சிடிஸ் வழி வந்த 2.4 லிட்டர் டீசல் எஞ்சின் இன்னொரு பெரிய வரவு. 'மட்டடோர் எஞ்சின் வெச்ச அம்பாசிடர்' என்றால் எண்பதுகளில், தொண்ணூறுகளில் அதற்குத் தனி மரியாதை. சத்தத்தை வைத்தே தெருவில் யார் வருகிறார்கள் என்று சொல்லிவிடலாம்!

இதே தேவை, எஞ்சின் மாற்றக்கூட வழியில்லாத இடத்தில் என்ன செய்தது என்பதற்கு யாழ்ப்பாணம் சாட்சி. 1990-ல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபின் பெட்ரோல் கண்ணில் படாத பொருளானது. பழைய மொரிஸ், ஒஸ்டின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஸ்டார்ட் ஆவதற்கு மட்டும் சிறிது பெட்ரோல். சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றம். 2002-ல் ஏ9 பாதை திறக்கும் வரை பலருக்கு அதுதான் வாகனம், அதுதான் ஆம்புலன்ஸ். இதைப் படிக்கும் யாழ்ப்பாண நண்பர்களுக்கு அந்தப் புகை மணம் இப்போதும் மூக்கில் இருக்கும்.

எஞ்சின் எங்கிருந்து வருகிறது?

எங்கள் பக்கத்து வண்டிகளுக்கு முக்கியமான ஊற்று சென்னை புதுப்பேட்டை. விபத்தில் சிக்கியது, ஏலத்தில் போனது, வயதானது எல்லாம் அங்கே பிரிந்து எஞ்சின், கியர் பாக்ஸ், கதவு, கண்ணாடி என்று தனித்தனியாக அடுக்கப்படும்.

நான் இப்போது இருக்கும் வளைகுடாவிலும் இதே உலகம் உண்டு. ஷார்ஜாவின் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் ஜப்பானிலிருந்து கண்டெய்னரில் வந்த பழைய எஞ்சின்கள் மலை மாதிரிக் குவிந்திருக்கும். ஜப்பானில் வண்டிக்குக் கட்டாயப் பரிசோதனைச் செலவு அதிகம். அதனால் நல்ல நிலையில் இருக்கும் வண்டியையே கழித்துவிடுகிறார்கள். அவர்களுக்குக் கழிவு, ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வாழ்வு.

பட்டறையில் நடப்பது

அதே கம்பெனி, அதே மாடல் எஞ்சின் என்றால் வேலை சுலபம். செயின் பிளாக் போட்டுத் தூக்கி, பழையதை இறக்கி, புதியதை உட்கார வைத்துவிடலாம். வேறு மாடல் என்றால்தான் மேஸ்திரியின் மூளைக்கு வேலை.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில் போல்ட் துளைகள் பொருந்தாது. நடுவில் ஒரு இரும்புத் தட்டை லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். அது தலைமுடி அளவு கோணினாலும் கிளட்சும் பேரிங்கும் சீக்கிரம் போய்விடும். மவுண்டிங் இடம் மாறும். ரேடியேட்டர் போதாது. டீசல் எஞ்சின் கனம் என்பதால் முன்பக்கப் பட்டைக்கு ஒரு தகடு சேர்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் வேகமாகச் சுற்றும், டீசல் மெதுவாகச் சுற்றி அழுத்தி இழுக்கும். பின்பக்க டிஃபரன்ஷியல் பழையதே என்றால் வண்டி மேடு ஏறும், ஆனால் சமதளத்தில் ஓடாது. பிரேக் மட்டும் பழைய கனத்துக்கு ஏற்றதாகவே இருக்கும். ஆபத்து அங்கேதான்.

பழைய எஞ்சினை வாங்கும்போது ஓட விட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பார்கள். அங்கிருந்து புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். கலப்பையைத் தட்டிப் பார்த்து வாங்கிய அதே கண்தான்.

அந்த நம்பர்

இப்போது என் ஏரியாவுக்கு வருகிறேன் :-)

வண்டிக் கடன் ஃபைலில் இரண்டு எண்கள் உண்டு. சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர். சேஸிஸ் நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்து ஒட்டுவோம். 1954-ல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கி லாரிகளுக்குத் தவணைக் கடன் பரவியதிலிருந்தும், 1969 ஜூலையில் 14 வங்கிகள் தேசியமயமாகிச் சின்ன வண்டிக்காரர்களுக்கும் கடன் போகத் தொடங்கியதிலிருந்தும், கடன் கொடுப்பவன் கண்ணில் வண்டி என்பது அந்த இரண்டு எண்கள்தான். வண்டிக்காரர் கண்ணில் வண்டி என்பது ஓடுகிற சாமான். எஞ்சின் என்பது வீட்டு ஓடு மாதிரி, உடைந்தால் மாற்ற வேண்டியது. இரண்டு பார்வையும் சந்திக்காத இடத்தில்தான் ஏழை மாட்டிக்கொள்கிறார்.

என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன். சொந்தமாக ஒரு பிக்கப். ஒரு மாங்காய் சீசன் நடுவில் எஞ்சின் சீஸ் ஆகிவிட்டது. சென்னையிலிருந்து அதே மாடல் பழைய எஞ்சின் வந்தது. மூன்றே நாளில் வண்டி தயார். இரண்டு வருஷம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு ராத்திரி ரோட்டோரம் நின்றிருந்த வண்டியில் லாரி மோதியது. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், பானெட்டைத் திறந்தார், ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார். நம்பர் வேறு. அவ்வளவுதான், ஃபைல் படுத்துவிட்டது.

"ஏண்ணா, ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல சொல்லலையா?" என்று போனில் கேட்டேன்.

"சொல்லணும்னு யார்ப்பா சொன்னாங்க? திருட்டு எஞ்சினா வெச்சேன்? காசு குடுத்து வாங்கினது தம்பி" என்றார்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பில் இல்லை. எஞ்சின் கொடுத்த வண்டியின் பேப்பர் இல்லை. அது வேறு மாநிலத்து வண்டி வேறு. ஒன்பது மாதம் அலைந்து, கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. அந்த ஒன்பது மாதமும் தவணை நிற்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதென்றால் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.சி.யோடு போய்த் தெரிவித்துப் பதிய வேண்டும். தவணையில் இருக்கும் வண்டி என்றால் பதிவு பெற்ற உரிமையாளரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். 2000-ல் வந்த திருத்தம் இதை இன்னும் இறுக்கியது. தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு முரணாகவே இருக்கக் கூடாது என்றது. அங்கீகரிக்கப்பட்ட கிட் வைத்து எரிபொருள் மாற்றுவதற்கு மட்டும் வழி விட்டது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதாவது, செவர்லேவுக்குள் பெர்க்கின்ஸ் என்ற கதையெல்லாம் இனிமேல் நடக்காது.

இந்தப் பிரிவிலேயே எனக்கு உறுத்துகிற ஒரு வரி உண்டு. பத்து அல்லது அதற்கு மேல் போக்குவரத்து வண்டி வைத்திருப்பவர்களுக்கு, அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை முன் ஒப்புதல் இல்லாமலேயே மாற்றிக்கொள்ள மாநில அரசு அனுமதி தரலாம். மாற்றியபின் தெரிவித்தால் போதும். பத்து வண்டிக்காரருக்கு ஒன்று நின்றால் ஒன்பது ஓடும். ஒற்றை வண்டிக்காரருக்குத்தான் ஒவ்வொரு நாளும் கணக்கு. சலுகை யாருக்கு வேண்டுமோ அவருக்கு இல்லை.

இனிமேல்?

இந்தப் பழக்கத்துக்கு உயிர் கொடுத்த காரணங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. 2010 ஜூனில் பெட்ரோல் விலையையும் 2014 அக்டோபரில் டீசல் விலையையும் அரசு கட்டுப்பாட்டிலிருந்து விட்டது. பழைய இடைவெளி சுருங்கிவிட்டது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6. இப்போதைய டீசல் எஞ்சின் இரும்பு மட்டுமல்ல, அதன் கூடவே ஒரு கம்ப்யூட்டர், கட்டுக்கட்டாக ஒயர், சென்சார்கள். எஞ்சினைத் தூக்கி வைத்தாலும் கம்ப்யூட்டர் 'நீ யார்?' என்று கேட்கும். மேஸ்திரியின் காதுக்கும் கைக்கும் பதில் சொல்லாத எஞ்சின் அது.

ஆனாலும் எங்கள் பக்கம் பழைய பிக்கப்புகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. அதே மாடல் எஞ்சின் மாற்றுவது இன்னும் நடக்கிறது, சரியாகச் செய்தால் தவறும் இல்லை. அதனால் அடுத்த முறை ஊரிலிருந்து போன் வந்தால் பணத்தோடு இந்த நான்கையும் சேர்த்துக் கேளுங்கள்.

1. எஞ்சின் நம்பர் போட்ட பில், விற்ற கடையின் பெயரோடு.
2. எஞ்சின் எந்த வண்டியிலிருந்து வந்ததோ அதன் ஆர்.சி. நகல், அது ரத்தானதற்கான பேப்பர்.
3. கடன் இருந்தால், கழற்றுவதற்கு முன்பே வங்கி அல்லது ஃபைனான்ஸிடமிருந்து எழுத்தில் சம்மதம்.
4. ஆர்.டி.ஓ. ஒப்புதல், புது நம்பர் ஏறிய ஆர்.சி., பிறகு அதே நம்பர் இன்சூரன்ஸிலும்.

மேஸ்திரிக்கு மூன்று நாள் வேலை என்றால் இந்தப் பேப்பருக்கு மூன்று வாரம் ஆகலாம். சீசன் நடுவில் யாரும் மூன்று வாரம் காத்திருக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் எஞ்சின் புகை தள்ள ஆரம்பித்ததுமே, மாங்காய் பூ விடும் மாதத்திலேயே, பேச்சை ஆரம்பித்துவிடுங்கள். நாம் அனுப்பும் பணம் இரும்பை வாங்கும். அந்த நம்பரை ஏற்றுவதற்கு ஒரு ஆள் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டும். அந்த ஆளுக்கும் சேர்த்து ஒரு நாள் கூலி அனுப்புங்கள்.

உங்கள் வீட்டிலும் எஞ்சின் மாறிய வண்டி இருந்தால், எந்த வண்டியில் எந்த எஞ்சின் என்று எழுதுங்கள். படிக்க ஆசை.